இசைத்தட்டும் இரும்புக்கடையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசி வந்துள்ளனர். நானோ பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பார்சல் பதிவேடு எழுதிக் காலங்கழிப்பவன். சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேச எனக்குத் தகுதி இல்லை. இதைச் செயலாளரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் விடவில்லை. "உமக்குத்தான் பழைய பிளேட்டுப் பித்து உண்டே, அந்தப் பித்தைப் பற்றியே பேசும்" என்று கூறிவிட்டார். ஆகவே இன்று இலக்கியம் இல்லை, பித்து மட்டுமே. பொறுத்தருள வேண்டும்.

பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைப்பதே என் பித்து. தட்டு மட்டுமன்று. தட்டின் காகித உறை, ஊசி அடைத்து விற்ற தகர டப்பி, கம்பெனியார் வெளியிட்ட பட்டியல், நாடகக் கொட்டகை வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் என் கண் கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டியின் மீதே செல்கிறது என்பது என் இல்லத்தரசியாரின் குற்றச்சாட்டு. அதை நான் மறுப்பதற்கில்லை.

இப்பித்துக்கு என்னை ஆளாக்கியவர்கள் தமிழிசை அன்பர்கள் அல்லர். ஜாஸ் என்னும் அமெரிக்க இசையின் அன்பர்கள். இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் விடுப்புக் கிடைத்தால் சோர் பஜாருக்குப் போவது என் வழக்கம். அங்கே மட்டன் தெருவில், பித்தளைக் குழல்களுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவே, குந்தியிருந்து தட்டுகளைப் புரட்டுவோர் சிலரைக் கண்டேன். பாட்டின் பெயரைப் பார்த்ததும் அவர்கள் தட்டைக் கீழே வைப்பதில்லை. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்துக்கு அருகே, தட்டின் உடம்பிலேயே மிகச் சிறிதாகப் பொறித்திருக்கும் எண்ணைக் கண்ணாடி வைத்துப் படித்தனர். அது எந்த நாளில் எந்தப் பதிவு என்பதைக் காட்டும் எண். பார்சல் எண்ணையும் வண்டி எண்ணையும் நாள் முழுதும் பார்த்துக் கொண்டிருக்கும் எனக்கு அந்த வேலை பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

ஜாஸ் என்றதும் நம்மவரில் பலர் முகம் சுளிப்பர்; ஹோட்டலில் ஆடும் ஆட்டத்துக்கு வாசிக்கும் ஓசை என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லீன்ஸ் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர் அங்கே வளர்த்த இசை இது. வாசிப்பவர் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, தாளக்கட்டு நழுவாமல், அந்த நொடியில் உள்ளத்தில் எழுவதை வாசிப்பார். நம் கற்பனை ஸ்வரத்துக்கு இதை ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார். ஆதலால் காகிதத்தில் எழுதிய ஸ்வரக் குறிப்பைக் கொண்டு அவருடைய வித்தையை அறிய முடியாது. தட்டில் பதிந்தால் உண்டு. இல்லையேல் காற்றோடு போயிற்று.

அவ்வாறு காற்றோடு போனவர் ஒருவர் கதையைச் சொல்லுகிறேன். படி போல்டன் என்பது அவர் பெயர். 1900ஆம் ஆண்டை ஒட்டி நியூ ஆர்லீன்ஸ் நகரில் கார்னெட் என்னும் ஊதுகுழலை வாசித்தவர். அவர் ஊதினால் ஊரின் மறுகோடியில் கேட்கும் என்று பின்வந்தோர் பெருமை பேசினர். ஜாஸ் இசைக்கே அவர்தான் முதல்வர் என்பாரும் உண்டு. 1907இல் அவர் சித்தம் கலங்கி மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். மெழுகு உருளை ஒன்றில் அவர் வாசிப்பு பதிவானதாக ஒரு பேச்சு உண்டு. தேடாத இடமில்லை, அது எவர் கையிலும் சிக்கவில்லை. முதல் ஜாஸ் தட்டு 1917இல் வெளிவந்தபோது, அதில் வாசித்தவர்கள் ஐந்து வெள்ளையர்கள். கறுப்பினத்தாரின் வித்தை கறுப்பினத்தார் கையாலேயே செழிக்கப் பதிவாவதற்குப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன. 1923இல் கிங் ஆலிவர் குழுவினர் வாசித்த தட்டுகளில்தான் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இளைஞரின் ஊதுகுழலை உலகம் முதன்முதலாகக் கேட்டது.

இத்தட்டுகள் எல்லாம் அன்று மலிவுச் சரக்கு. ஆடிப்பாடி, தேய்ந்ததும் எறிந்துவிடுவர். அவற்றைத் தேடி எடுத்து, இன்ன தட்டில் இன்னார் இன்ன வாத்தியம் வாசித்தார் என்று எழுதி வைத்தவர்கள் ரசிகர்கள். பாரிஸ் நகரத்து ரசிகர் சார்ல் தெலோனே என்பவர் 1936இல் அவ்விவரங்களைத் திரட்டி ஒரு நூலாகவே அச்சிட்டார். அமெரிக்க இசைக்குப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பேரேடு எழுதினார்! பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இனி நம் பம்பாய்க்கு வருவோம். 1935இல் லியான் அபே என்னும் கறுப்பின இசைவாணர் தம் குழுவோடு தாஜ்மகால் ஹோட்டலில் வாசிக்க வந்தார். அவரைத் தொடர்ந்து கிரிக்கெட் ஸ்மித்தும், பியானோ வித்தகர் டெடி வெதர்ஃபோர்டும் வந்தனர். தம் நாட்டில் நிறத்தின் பெயரால் பட்ட சிறுமையினின்று விலகி நெடுந்தொலைவு வந்தவர்கள் இவர்கள். 1936இல் ஸ்மித் குழுவினர் இந்நகரிலேயே தட்டுகள் பதிந்தனர்; அவற்றுள் ஒன்றன் பெயர் 'தாஜ்மகால்'. சோர் பஜாரில் குந்தியிருந்த ஜாஸ் அன்பர்கள் கனவு காண்பது இத்தகைய தட்டுகளைத்தான். வெதர்ஃபோர்டு தாயகம் திரும்பவில்லை. 1945இல் கல்கத்தாவில் காலரா கண்டு மாண்டார்.

அவர்களிடம் கேட்டுக் கற்றவர்கள் கோவா நாட்டவர். அன்டோனியோ சேவியர் வாஸ் என்ற டிரம்பெட் வித்தகருக்கு 'சிக் சாக்லெட்' என்று பட்டப்பெயர். பம்பாயின் ஆர்ம்ஸ்ட்ராங் என்று அவரைக் கொண்டாடினர். இவர்கள் இரவில் ஹோட்டலிலும் பகலில் சினிமா ஒலிப்பதிவிலும் வாசித்தனர். சி. ராமச்சந்திரா இசையமைத்து 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில் சிக் சாக்லெட் தம் குழுவோடு திரையிலேயே தோன்றுகிறார். அந்த ராமச்சந்திரா யார்? 1958இல் ஜெமினியின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துக்கு இசையமைத்தாரே, அவரேதான். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனத்தை மறந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இந்தக் காலனியில் உண்டோ? ஜாஸ் நமக்கு அவ்வளவு தூரத்துச் சரக்கன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

நிரஞ்சன் ஜவேரி என்ற அன்பர் 1952இல் 'புளூ ரிதம்' என்று ஜாஸுக்கெனவே ஒரு பத்திரிகை நடத்தினார். 1964இல் ஆர்ம்ஸ்ட்ராங்கே பம்பாய்க்கு வந்து வாசித்தார். 1978இல் ஜவேரியும் நண்பர்களும் ரங்பவன் திறந்தவெளி அரங்கில் 'ஜாஸ் யாத்ரா' விழாவைத் தொடங்கினர். சோனி ராலின்ஸ் போன்ற மேதைகள் அதற்கு வந்தனர். 1980ஆம் ஆண்டின் விழாவில்தான் நம் கதிரி கோபால்நாத்தின் சாக்சபோனும் அமெரிக்கர் ஜான் ஹேண்டியின் சாக்சபோனும் சந்தித்தன. அதற்கு முன்னரே எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயகராமின் கடமும் சேர்ந்த 'சக்தி' குழுவின் தட்டு 1976இல் வெளிவந்துவிட்டது. அதே குழு புத்துயிர் பெற்று 2024இல் கிராமி விருது வாங்கியது. அப்போது அதில் பாடியவர் சங்கர் மகாதேவன். நம் பக்கத்துச் செம்பூரில் வளர்ந்த பிள்ளை! இதைக் கூறும்போது எனக்குச் சிறிது கர்வம் வருகிறது.

பம்பாயின் இந்த ஜாஸ் வரலாற்றை நரேஷ் ஃபெர்னாண்டஸ் என்னும் பத்திரிகையாளர் 2012இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். எவற்றைக் கொண்டு எழுதினார்? பழைய தட்டுகள், மங்கிய புகைப்படங்கள், முதிய இசைவாணர்களின் நினைவுகள். வீட்டுப் பெட்டிகளில் யாரோ எறியாமல் வைத்திருந்ததால் அந்நூல் உருவாயிற்று.

இவற்றையெல்லாம் அறிந்தபோது, ஜாஸுக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்களே, நம் தமிழ்த் தட்டுகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று என் மனம் கேட்டது.

நம் நாட்டில் இசைத்தட்டு பிறந்தது 1902இல். ஃப்ரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியாரின் குரலைப் பதிந்தார். பாடி முடித்ததும், 'என் பெயர் கௌஹர் ஜான்' என்று ஆங்கிலத்தில் அவ்வம்மையார் சொல்வது இன்றும் கேட்கிறது. சில ஆண்டுகளில் தென்னாட்டிலும் பதிவு தொடங்கிற்று. கோயம்புத்தூர் தாயி என்று ஒரு பாடகியார், 1917இல் மறைந்தவர். அவர் பாடிய தட்டுகளைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசைவாணர் மொரீஸ் தெலாஜ், வள்ளலாரின் அருட்பா ஒன்றை அவ்வம்மையார் பாடிய தட்டை அடியொற்றி, 1914இல் பியானோவுக்கு 'ராகமாலிகா' என்ற உருப்படியை அமைத்தார். வடலூர்ப் பாட்டு பாரிஸ் நகரத்துப் பியானோவில் ஏறியது ஒரு தட்டின் வழியாக! நம் கல்வி நிலையங்களில் இதை யாராவது சொல்லித் தருகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் தம் பத்தாம் வயதில், 1926இல், முதல் தட்டைப் பாடினார். பின்னாளில் படமுதலாளியாகப் பெயர் பெற்ற ஏவி. மெய்யப்பன் அவர்கள் 1930களின் தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் தட்டு வணிகமே செய்தார். ஓடியன் தட்டுகள் அவர் வழியாகவே தமிழகத்தில் பரவின. நாய்மார்க் தட்டு ஒருபுறம், ஓடியன் ஒருபுறம், கொலம்பியா ஒருபுறம் என்று போட்டி. நாடகப் பாட்டுக்கு இருந்த கிராக்கி சொல்லி முடியாது.

அவர்களுள் எஸ். ஜி. கிட்டப்பாவைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1906இல் பிறந்தார், 1933இல், இருபத்தேழாம் வயதில் இறந்தார். தமிழ்ப் பேசும்படம் தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. படமெதிலும் அவர் நடிக்கவில்லை. கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் நாம் இன்றும் கண்டு கேட்கலாம். கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பில்லை. அவருடைய குரல் தங்கியிருப்பது அரக்குத் தட்டுகளில் மட்டுமே. மேல் ஸ்தாயியில் அவர் குரல் ஏறும்போது, மூன்று நிமிடத் தட்டு எங்கே முடிந்துவிடுமோ என்று கேட்பவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை தட்டில் பாட இசையவில்லை என்பர். 1934இல் மறைந்த அம்மேதையின் குரல் நமக்குக் கிட்டவில்லை. நம் படி போல்டன் அவர்.

மூன்று நிமிடம் என்றேன். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது அவ்வளவுதான். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் இரவு முழுதும் தோடி வாசிப்பவர். அவரைச் சில நிமிடத் தோடிக்குள் அடைத்தால் என்ன கிடைக்கும் என்று ஐயுறலாம். கேட்டுப் பாருங்கள், சிமிழுக்குள் அடைத்த சந்தனம் போல் மணக்கிறது. அமெரிக்க ஜாஸ் வித்தகர்களும் இதே மூன்று நிமிடக் கட்டுக்குள்தான் தம் மேதைமையைக் காட்டினர்.

தட்டு எதனால் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்பொடியோடு அரக்கைக் கலந்து செய்தது. அரக்கு, மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சியின் சுரப்பு; சோட்டா நாகபுரிக் காடுகளில் கிடைப்பது. உலகத்தின் தட்டுகளுக்கெல்லாம் நம் நாட்டு அரக்கே முதல் சரக்கு. ஆர்ம்ஸ்ட்ராங் ஊதியதும் நம் காட்டுப் பூச்சியின் புண்ணியத்தில்தான் நின்றது! பிற நாடுகளில் அரக்குத் தட்டு மறைந்த பின்னும் 1960களில் நம் நாட்டில் அது வெளிவந்து கொண்டிருந்தது. வீட்டில் தட்டு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிட்டு போட்டுத் துடைத்தால் அரக்குக் கரையும். மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் விரைவாகத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. புத்தகம் போல் நிறுத்தி வைக்க வேண்டும். டிராம்பேயின் மழைக்காலமோ உங்களுக்குத் தெரியும். சுவரில் பூக்கும் பூஞ்சை தட்டிலும் பூக்கும். எஃகு ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் போட்டால் தட்டின் வரிகள் உழுத நிலம் போலாகிவிடும். தாராவியில் அம்மன் கொடைக்கும் கலியாணத்துக்கும் மைக்செட் வைத்தவர்களிடம் கட்டுக்கட்டாகத் தட்டுகள் இருந்தன. ஊசி மாற்றப் பொழுது ஏது அவர்களுக்கு? அங்கே கிடைத்த தட்டுகளில் பாட்டைவிட இரைச்சலே அதிகம். ஆயினும் அவர்கள் இல்லையேல் ஏழை எளியோர் செவிக்கு அப்பாட்டு எட்டியிராது.

எனக்கு ஊக்கமளித்த பெயர்கள் மூன்றைச் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேமிப்பை வாங்கியது. அதுவே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் அவர்கள் பல்லாயிரம் தட்டுகளைக் கட்டிக்காத்தவர். இம்மும்பையிலேயே சுரேஷ் சாந்தவண்கர் என்ற விஞ்ஞானி, 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தை நண்பர்களோடு நடத்தினார். அதற்கென ஓர் இதழும் வந்தது. ஓவியர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர்; குமாஸ்தா ஒருவன் இருந்தால் குறைந்தா போகும்?

என் வீடு ஒரே அறையும் சமையற்கட்டும் உடையது. அதில் நானூற்றுச் சொச்சம் தட்டுகள். கிடைத்த நாள், இடம், விலை, கம்பெனி, எண், பாடியவர், கீறல் உண்டா இல்லையா என்று அலுவலகப் பேரேடு போலவே ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். "அப்பா, எல்லாம் கைப்பேசியில் வருகிறதே, இந்தக் கல் எதற்கு?" என்று என் மகன் கேட்கிறான். நியாயமான கேள்வி. கைப்பேசியில் கிட்டப்பா பாடுகிறார், உண்மை. ஆனால் அங்கே அவர் எப்படி வந்தார்? யாரோ ஒருவர் தம் வீட்டுக் கல்லை ஊசியில் ஓடவிட்டு ஏற்றியதால் வந்தார். ஏறாத தட்டு எத்தனை என்று கைப்பேசி சொல்லாது. இதைக் கூறியதும் அவன், "அப்படியானால் நம்முடையதையும் ஏற்றலாமே" என்று கருவி ஒன்றை வாங்கி வந்துவிட்டான். இப்போது ஞாயிறுதோறும் அவனுக்கும் அதே வேலை. பித்து பரம்பரைச் சொத்து என்று அவன் தாயார் அங்கலாய்க்கிறார்.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். செம்பூரை அடுத்துப் பழைய கட்டடம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்ட ஏற்பாடாகிக் குடித்தனக்காரர்கள் காலி செய்து கொண்டிருந்தனர். அங்கிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் கிராமபோனும் இரும்புக்கடைக்கு, நம்மவர் வாய்ச்சொல்லில் பங்கார்க் கடைக்கு, வந்திருப்பதாகப் பார்சல் தூக்கும் தோழர் ஒருவர் சொன்னார். வேலை முடிந்ததும் ஓடினேன். கடைக்காரர் நல்ல மனிதர். பித்தளைக் குழலைத் தனியே நிறுத்து வைத்திருந்தார். பெட்டியின் இரும்பைத் தனியே வைத்திருந்தார். தட்டுகளை மட்டும் வாசலில் குப்பையோடு கொட்டியிருந்தார். "இது உருகாது, சேட், எடைக்கு எவனும் வாங்கமாட்டான், கழிமுகத்தில் கொட்டத்தான் வேண்டும்" என்றார். இரும்புக்கு விலை உண்டு, பித்தளைக்கு விலை உண்டு, கிட்டப்பாவுக்கு எடையில்லை. அப்பளம் போல் நொறுங்கிக் கிடந்த குவியலில் இரு கைகளையும் விட்டு அளைந்தேன். முழுதாகக் கிடைத்தவை பதினான்கு. நொறுங்கியவற்றில் வட்டக் காகிதம் தெரிந்தவற்றின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டேன். அவற்றுள் ஒன்பது என் பேரேட்டிலும் இல்லை, என் நண்பர்கள் பேரேடுகளிலும் இல்லை.

நம் காலனியின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கும் இதே காலம் நெருங்குகிறது. பரணிலிருந்து இறக்கும் பெட்டியை எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். தட்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். எண்ணைக் குறித்து, பாட்டைப் பதிந்துகொண்டு, துடைத்துத் திருப்பித் தருகிறேன்.

அந்தப் பதினான்கில் ஒன்றை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். கிட்டப்பாவின் தட்டு. வட்டக் காகிதத்தின் மீது, பாட்டின் பெயர் மறையாதபடி ஓரமாக, யாரோ மசியால் எழுதியிருக்கிறார்கள்: "மாட்டுங்கா கலியாணத்துக்கு இரவல். திரும்ப வேண்டும். 1949." கீழே இரண்டு முன்னெழுத்துகள், ஒன்று 'சு' போலத் தெரிகிறது, மற்றது அழிந்துவிட்டது. அந்தக் கலியாணம் நன்றாக நடந்திருக்கும். தட்டு மட்டும் திரும்பவில்லை. 1949இல் மாட்டுங்காவில் திருமணம் நடந்த குடும்பத்தார், அல்லது இரவல் கொடுத்துவிட்டுக் காத்திருந்த குடும்பத்தார், இவ்வவையில் எவரேனும் இருக்கக்கூடும். மேடையின் வலப்பக்கத்து மேசையில் தட்டை வைத்திருக்கிறேன். கையெழுத்தை அடையாளம் காண்போர் விழா முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.

அதற்குமுன் அனைவரும் ஒருமுறை கேட்டுவிடுவோம். தலைவர் அவர்கள் மூன்று நிமிடம் அனுமதி தந்திருக்கிறார்கள். தம்பி, பெட்டிக்குச் சாவி கொடு.